ஆற்றோரப் பிளாக்: கரையை உயர்த்துவதா, பம்பு வைப்பதா, ஆற்றுக்கே விடுவதா?

பெஸ்தாரி ஜெயாவை இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் பெரியவர்கள், மலேசியாவின் சிலாங்கூர் ஆற்றோரத்தில் எந்தச் செம்பனைப் பிளாக்கில் தண்ணீர் ஏறும், எதில் ஏறாது என்று கையைக் காட்டியே சொல்லிவிடுவார்கள். எவ்வளவு உயரம் ஏறியது என்பதும் அவர்களுக்கு நினைவிருக்கும். முழங்கால், இடுப்பு, லயத்து (தொழிலாளர் வரிசைவீட்டு) வாசற்படி என்று அளவு சொல்வார்கள். ஆனால் ஏறிய தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். செம்பனையின் கணக்கு அந்த நாட்களில்தான் இருக்கிறது.

இந்த ஒப்பீடு மறுநடவை நெருங்கிவிட்ட ஆற்றோரப் பிளாக் வைத்திருப்பவர்களுக்கு. மரத்துக்கு வயது 25 ஆகிவிட்டது, வெட்டுக் கத்தி குலைக்கு எட்டவில்லை, அடுத்த நடவுக்குக் கன்று முன்பதிவு செய்ய வேண்டும். தப்பான இடத்தில் நட்டுவிட்டால் இன்னொரு 25 ஆண்டு அதையே கட்டிக்கொண்டு அழவேண்டும் என்பதால், முடிவை மாற்றிக்கொள்ள இதைவிட நல்ல சமயம் கிடையாது. கணக்குக்காக ஆற்றங்கரையில் ஒரு கிலோமீட்டர் நீளமும் 60 ஹெக்டர் பரப்பும் கொண்ட ஒரு பிளாக்கை எடுத்துக்கொள்வோம். உங்கள் அளவை அதில் போட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

முதலில் நாளை எண்ணுங்கள்

வளர்ந்த செம்பனை சில நாள் தண்ணீரில் நின்றால் சாகாது. வேர் மூச்சுத் திணறும், உரம் அடித்துப் போகும், வெட்டுக்கு ஆள் இறங்க முடியாது, உதிரிப்பழம் மிதந்து போய்விடும். தண்ணீர் வடிந்ததும் மரம் பார்ப்பதற்குப் பழையபடியே இருக்கும். அடி பின்னால்தான் தெரியும். பூ ஆணா பெண்ணா என்பது குலை பழுப்பதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. அந்தச் சமயத்தில் மரம் திணறினால் ஆண்பூ அதிகமாகும். இந்த நவம்பர் வெள்ளத்தின் நட்டம் அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் எடைச் சீட்டில் தெரியும்போது, பழி உரத்தின் மேல் விழும்.

இளங்கன்று அப்படியில்லை. குருத்து மூழ்கிச் சேறு உள்ளே இறங்கி, தண்ணீர் வடியாமலும் நின்றால் கன்று அழுகிவிடும். நட்ட முதல் இரண்டு, மூன்று ஆண்டுதான் ஆபத்தான காலம். சபாவில் கினபாத்தாங்கான் ஆற்றின் தாழ்நிலங்களில் நட்ட கன்றுகள் மீண்டும் மீண்டும் வெள்ளத்தில் மடிந்து, கடைசியில் வெறுமையாகவே விடப்பட்ட துண்டுகள் உண்டு. அங்கே காட்டை வெட்டியதும் வீண், கன்றுக்குக் கொடுத்த காசும் வீண்.

ஆகவே எந்த முடிவுக்கு முன்பும் ஒரு மழைக்காலம் முழுக்க அளந்து பாருங்கள். இரண்டு அங்குல பிவிசி குழாயை இரண்டு மீட்டர் நீளத்துக்கு வெட்டி, அடிப்பாதியில் துளையிட்டு, துணி சுற்றி, மரவரிசைக்கு நடுவில் இறக்குங்கள். 60 ஹெக்டருக்கு ஆறு குழாய் போதும், ஆற்றோரத்தில் இரண்டு, நடுவில் இரண்டு, பின்கோடியில் இரண்டு. தினமும் காலை ஒரே நேரத்தில் நீர்மட்டத்தைக் குறித்து வையுங்கள். பக்கத்தில் சென்டிமீட்டர் குறித்த கம்பு ஒன்றும் நட்டுவிட்டால் தரைக்கு மேலே நிற்கும் தண்ணீரும் பதிவாகும். ஆற்றின் மட்டத்துக்கு வடிகால் நீர்ப்பாசனத் துறையின் இன்ஃபோ பஞ்சிர் இணையப் பக்கத்தைப் பாருங்கள். வஸ்பாடா (விழிப்பு), அமாரான் (எச்சரிக்கை), பஹாயா (ஆபத்து) என்று படிப்படியாக அளவு போட்டிருப்பார்கள். உங்கள் கம்பில் ஏறிய நாளையும் அந்தப் பக்கத்தில் காட்டிய மட்டத்தையும் சேர்த்து எழுதிக்கொண்டே வந்தால், எந்த அளவுக்கு மேல் போனால் உங்கள் பிளாக்கில் தண்ணீர் ஏறும் என்று ஒரே பருவத்தில் பிடிபட்டுவிடும்.

2021 டிசம்பர் வெள்ளத்தை மட்டும் அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள். சிலாங்கூர் மாநிலத்தையே மூழ்கடித்த அந்த மூன்று நாளை மனதில் வைத்துக் கரை கட்டப் போனால் தோட்டத்தை விற்றுத்தான் கட்டவேண்டும். ஆண்டுதோறும் சத்தமில்லாமல் வந்து பத்து நாள் நின்றுவிட்டுப் போகிறதே, அந்தத் தண்ணீருக்குத்தான் திட்டம் வேண்டும்.

கரையை உயர்த்துவது

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். தோட்டத்தில் பண்டு என்பார்கள். இருக்கிற கரை ஒன்றரை மீட்டர், இன்னும் ஒரு மீட்டர் ஏற்றிவிட்டால் தீர்ந்தது என்று பேச்சு போகும். மண் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மேல் அகலம் 3 மீட்டர், சரிவு இரண்டுக்கு ஒன்று என்றால், ஒன்றரை மீட்டர் கரையின் குறுக்குவெட்டு 9 சதுர மீட்டர். கிலோமீட்டருக்கு 9,000 கன மீட்டர் மண். உயரம் இரண்டரை மீட்டரானால் குறுக்குவெட்டு 20 சதுர மீட்டர், மண் 20,000 கன மீட்டர். ஒரு மீட்டர் உயரத்துக்கு மண் இரண்டு மடங்குக்கும் மேல். அடி அகலமும் 9 மீட்டரிலிருந்து 13 மீட்டராகிவிடும். அந்த நான்கு மீட்டர் ஒன்று ஆற்றுப் பக்கம் போக வேண்டும், அல்லது உங்கள் முதல் மரவரிசையைத் தின்ன வேண்டும்.

பழைய கரையின் தலையில் மண்ணைக் கொட்டி மட்டும் உயர்த்துகிறவர்கள் உண்டு. சரிவு செங்குத்தாகி, முதல் நல்ல மழையிலேயே வழுக்கிக்கொண்டு வரும். புல்லைச் செதுக்கி எடுத்து, படி வெட்டி, 25 செ.மீ. அடுக்கு அடுக்காகப் போட்டு இயந்திரத்தை ஏற்றி மிதிக்க வேண்டும். களிமண் அமுங்குவதற்காக 15 முதல் 20 விழுக்காடு உயரம் கூட்டியே கட்ட வேண்டும். மண்ணைக் கரையடியிலேயே தோண்டி எடுப்பது மிக மோசமான சிக்கனம். கரைக்கும் குழிக்கும் நடுவே ஐந்து மீட்டராவது விடாவிட்டால், தண்ணீர் அடிவழியாகக் கசிந்து குழிக்குள் குமிழ் விடும். அந்தக் குமிழில் மண் கலங்கி வந்தால் கரைக்கு ஆயுள் சில மணி நேரம்தான்.

தானா கம்புட் எனப்படும் சதுப்புக் கரிமண் உள்ள இடத்தில் இந்த யோசனையே வேண்டாம். ராஜா மூசா காட்டுப் பக்கத்துத் தோட்டங்களில் அது அதிகம். காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் ஊறும், கரையாகக் கட்டினால் ஒழுகும். வடிகால் வெட்டிய கம்புட் நிலம் ஆண்டுக்கு ஏறக்குறைய 5 செ.மீ. தாழ்ந்துகொண்டே போகிறது. நீங்கள் கரையை உயர்த்திக்கொண்டிருக்கும்போதே உள்ளே தரை இறங்கிக்கொண்டிருக்கும். இருபது ஆண்டு கழித்து மிஞ்சுவது தோட்டமில்லை, தொட்டி.

கரையைக் கெடுப்பவை பெரிதாக எதுவும் இல்லை. சேற்று இறால் துளை, உடும்பு வளை, மாடு ஏறி இறங்கும் தடம், சுருக்குவழி என்று லோரி ஓட்டிய சக்கரப் பள்ளம். இடம் வீணாகிறதே என்று கரைமேல் செம்பனை நட்டுவிடுகிறவர்களையும் பார்க்கலாம். மரம் சாய்ந்தால் வேரோடு கரையையும் பிடுங்கிக்கொண்டு போகும். கரைமேல் புல் போதும்.

கேட் சரியாக இருந்தால் பாதிச் செலவு மிச்சம்

கரையை உயர்த்தும் முன் மதகை, அதாவது கரைக்குள் போகும் குழாயையும் அதன் வாயில் தொங்கும் கேட்டையும் பாருங்கள். பெரும்பாலான பிளாக்குகளில் தண்ணீர் கரையைத் தாண்டி வருவதில்லை. உள்ளே பெய்த மழை வெளியேற வழியில்லாமல் நிற்கிறது, அல்லது மூடாத கேட் வழியாக ஆறு உள்ளே வருகிறது.

இங்கே கடலும் ஆற்றோடு சேர்ந்து விளையாடும். மேற்குக் கடற்கரையில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். கிள்ளான் துறைமுகப் பக்கம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 4 மீட்டர். அந்த ஏற்றம் ஆற்றில் கணிசமான தூரம் மேலேறி வரும். கோல சிலாங்கூர் நெருங்க நெருங்க அதன் பலம் அதிகம். ஆற்றுப் பக்கமாகத் தொங்கும் கேட், உள்மட்டம் உயரும்போது தானே திறந்து, வெளிமட்டம் உயரும்போது தானே மூடும். ஆளும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம்.

அதன் வேலையை எண்ணிப் பாருங்கள். 1.2 மீட்டர் விட்டமுள்ள குழாய், உள்ளும் புறமும் 30 செ.மீ. மட்ட வித்தியாசம் என்றால் மணிக்கு ஏறக்குறைய 5,900 கன மீட்டர் வெளியே போகும். 60 ஹெக்டரில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 60,000 கன மீட்டர். ஒவ்வோர் இறக்கத்திலும் ஐந்து மணி நேரம் கேட் திறந்தால் ஒரே நாளில் பிளாக் காலி. ஆறு பெருக்கெடுத்திருக்கும்போது இறக்கத்திலும் மட்டம் தாழாது. திறப்பு இரண்டு மணி நேரமாகச் சுருங்கினால் இரண்டரை நாள். திறக்கவே இல்லையென்றால்தான் பம்பைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இப்போது அதே கேட்டில் ஒரு செம்பனை மட்டை செருகிக்கொண்டது என்று வையுங்கள். 1.2 மீட்டர் நீளத்துக்கு 10 செ.மீ. இடைவெளி. வெளியே அரை மீட்டர் மட்டம் கூடுதலாக இருந்தாலே மணிக்கு 800 கன மீட்டர் உள்ளே வரும். நடுத்தரப் பம்பு ஒன்று மூச்சுமுட்ட வெளியே தள்ளும் அளவு அது. மட்டையை இழுத்துப் போட்டால் முடிகிற காரியத்துக்கு டீசல் எரிப்பார்கள்.

மட்டை, தேங்காய் மட்டை, ஆகாயத்தாமரை, பிளாஸ்டிக் டிரம், இவைதான் வழக்கமான எதிரிகள். குழாய்க்கு உள்பக்கம் ஐந்து மீட்டர் தள்ளிக் குப்பைத் தடுப்புக் கம்பி வையுங்கள். கம்பிக்குக் கம்பி ஒரு கை அகலம் போதும், நெருக்கமாக வைத்தால் கம்பியே அணையாகிவிடும். கம்பியைச் சாய்த்து வைத்தால் வாரி எடுக்கச் சுலபம். கீல் துருப்பிடித்தால் கேட் பாதியில் நின்றுவிடும், மாதம் ஒருமுறை கிரீஸ். வாசல்படியில் சேறு படிந்தால் கேட் அடிவரை மூடாது. குழாயின் பாதியைச் சேறு பிடித்துக்கொண்டால் ஓட்டம் பாதிக்கும் கீழே போகும். பிளாக்குக்குள் வெட்டிய மட்டைகளை அடுக்கும்போது வாய்க்காலிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி அடுக்கச் சொல்லுங்கள். வெள்ளத்தில் மிதந்து வந்து கேட்டை அடைப்பது அந்த மட்டைகள்தான்.

குழாயின் வெளிப்புறத்தோடு ஒட்டியே தண்ணீர் கசிந்து மண்ணைத் தின்னும். கேட் நிற்கும், அதைச் சுற்றியிருந்த கரை போயிருக்கும். குழாயைச் சுற்றிப் பிசைந்த களிமண்ணை நன்றாக மிதித்து, ஆங்காங்கே கான்கிரீட் பட்டை கொடுத்தால் இது நடக்காது.

பம்பு

அந்த 60,000 கன மீட்டரை மூன்று நாளில் இறைக்க மணிக்கு 830 கன மீட்டர் வேண்டும். மூன்று மீட்டர் உயர்த்த ஏறக்குறைய 11 கிலோவாட், 72 மணி நேரத்துக்குச் சுமார் 250 லிட்டர் டீசல். கேட்கும்போது ஒன்றும் பெரிதாகத் தெரியாது, விற்பனையாளரும் இந்தக் கணக்கைத்தான் காட்டுவார். அவர் காட்டாதது மேல்நிலத்துத் தண்ணீர். உங்கள் 60 ஹெக்டருக்குப் பின்னால் 240 ஹெக்டர் மேட்டுநிலம் அதே வாய்க்காலில் வடிகிறதென்றால் நீங்கள் இறைப்பது ஐந்து மடங்கு. பம்பு வாங்கி ஏமாந்த இடங்களில் பெரும்பாலும் கோளாறு இதுதான். முதலில் மேட்டோரமாக ஒரு சுற்றுவாய்க்கால் வெட்டி, மேல்தண்ணீரைத் தனி மதகு வழியாக ஆற்றுக்கு அனுப்பிவிட வேண்டும். அதற்கு இடமில்லையென்றால் பம்பு யோசனையை விட்டுவிடலாம்.

மற்ற கோளாறுகளெல்லாம் சின்னச் சின்னது, எல்லாமே வெள்ளம் வந்த இரவில்தான் தலைகாட்டும். பேட்டரி செத்திருக்கும், டீசலில் தண்ணீர் கலந்திருக்கும், உறிஞ்சு குழியின் ஆழம் போதாமல் சுழி விழுந்து காற்று ஏறும், கேபிளை யாராவது அறுத்துப் போயிருப்பார்கள். பம்பு வீட்டையே வெள்ள மட்டத்துக்குக் கீழே கட்டியிருந்தால் சொல்லவே வேண்டாம். ஆண்டு முழுக்க மாதம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்காத பம்பை வைத்திருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

பம்பு கைக்கு வந்தால் நிலத்தை அளவுக்கு மீறிக் காயவிடும் ஆசையும் கூடவே வரும். கடலோரக் களிமண்ணின் அடியில் கந்தகம் கலந்த அடுக்கு பல இடங்களில் உண்டு. காற்று படாதவரை சாது. நீர்மட்டம் அதற்குக் கீழே இறங்கிக் காற்று பட்டுவிட்டால் அமிலமாக மாறும். வாய்க்கால் ஓரத்தில் வெளிர்மஞ்சள் கறை தெரியும், பிஎச் 4-க்குக் கீழே போய்விடும். வறட்சிக்குப் பின் முதல் மழையில் அந்த அமிலம் ஆற்றில் இறங்கினால் விராலும் கெளுத்தியும் செத்து மிதக்கும், செம்பனை வேரும் கருகும். மரவரிசையில் நீர்மட்டத்தை 45 முதல் 60 செ.மீ. ஆழத்தில் நிறுத்துங்கள், அதற்குக் கீழே இறக்காதீர்கள். கம்புட் நிலத்துக்கும் ஏறக்குறைய அதே அளவுதான்.

தாழ்ந்த மூலையைத் தொட்டியாக்குவது

பம்பு செய்கிற வேலையைப் பாதிக்குமேல் இது செய்துவிடும், ஆனாலும் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. பிளாக்கில் அரை மீட்டர் தாழ்ந்த 12 ஹெக்டர் மூலை ஒன்று இருந்தால், அங்கே நிற்கக்கூடிய தண்ணீர் 60,000 கன மீட்டர். அந்த 100 மில்லிமீட்டர் மழை முழுவதும் அடங்கிவிடும். கேட் திறக்கும்வரை அங்கே நிற்கட்டும், மற்ற 48 ஹெக்டரும் நடக்கக்கூடியதாக இருக்கும். எப்படியும் அந்த மூலையில் குலை சரியாக வந்திருக்காது. தாமரையும் கோரையும் தானே வரும், நாரையும் நீலத் தாழைக்கோழியும் பின்னாலேயே வரும். விராலும் பனையேறியும் ஆழமில்லாத நீரில் முட்டையிடும் மீன்கள், அவற்றுக்கு இது தொட்டில்.

இதை வைத்து ஆற்று வெள்ளத்தைக் குறைக்கலாம், ஊரைக் காப்பாற்றலாம் என்று யாராவது மேடையில் பேசினால் நம்ப வேண்டாம். விநாடிக்கு 300 கன மீட்டர் ஓடும் ஆறு என்று வைத்துக்கொண்டால், 60,000 கன மீட்டர் என்பது மூன்று நிமிட ஓட்டம். தொட்டி உங்கள் சொந்த மழைக்கு மட்டும்தான்.

கரையில் ஓர் இடத்தை மட்டும் 30 செ.மீ. தாழ்த்தி, கல் பதித்து, தொட்டிக்கு நேரே வைத்துவிடுங்கள். ஆறு கரை தாண்டுவது என்று ஆகிவிட்டால் நீங்கள் காட்டிய இடத்தில் தாண்டட்டும். கல்லில்லாமல் தாழ்த்தினால் அது வழிவது இல்லை, உடைவது.

கரையைப் பின்வாங்குவது

கௌரவத்துக்கு இடிக்கும் வழி இது. கையில் இருக்கும் நிலத்தை விடுவதா என்று கேட்பார்கள். முதலில் கிரந்தை (நிலப் பட்டாவை) எடுத்து வரைபடத்தைப் பாருங்கள். 40 மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஆற்றுக்கு இரு பக்கமும் 50 மீட்டர் ஒதுக்க வேண்டும் என்பது வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டி. 20 முதல் 40 மீட்டர் அகல ஆற்றுக்கு 40, 10 முதல் 20 வரை 20, 5 முதல் 10 வரை 10, அதற்கும் சிறிய ஓடைக்கு 5 மீட்டர். பல இடங்களில் முன்வரிசை மரங்கள் நிற்பது ஆற்றின் ஒதுக்கு நிலத்தில். அது உங்கள் கிரந்தில் இல்லவே இல்லை. எம்எஸ்பிஓ என்னும் மலேசிய நீடித்த செம்பனை எண்ணெய்ச் சான்று 2020 முதல் கட்டாயமான பிறகு தணிக்கைக்கு வருகிறவரும் ஆற்றோரத்தைத்தான் முதலில் பார்க்கிறார்.

நட்டம் எவ்வளவு? 9 மீட்டர் முக்கோண நடவில் ஹெக்டருக்கு 143 மரம், வரிசைக்கு வரிசை 7.8 மீட்டர். 50 மீட்டர் என்றால் ஆறு வரிசை. கிலோமீட்டருக்கு 5 ஹெக்டர், சுமார் 715 மரம். நாட்டுச் சராசரி ஹெக்டருக்கு ஆண்டுக்கு 15 முதல் 17 டன் குலை. அந்தச் சராசரியையே வைத்தாலும் 80 டன்தான், வெள்ளத்தில் நிற்கும் முன்வரிசை அதைக் கொடுத்திருக்கப் போவதில்லை. உங்கள் எடைச் சீட்டில் முன்வரிசையைத் தனியாக எழுதி வைத்திருந்தால் உண்மையான எண் கையில் இருக்கும். தனியாக எழுதாதவர்கள் அடுத்த வெட்டிலிருந்து எழுத ஆரம்பிக்கலாம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, பலர் அதில் தடுக்கி விழுகிறார்கள். ஆறு தன் வண்டலைக் கரையோரத்தில்தான் அதிகம் போடும். அதனால் ஆற்றை ஒட்டிய தரை மேடு, உள்ளே போகப் போகப் பள்ளம். 50 மீட்டர் பின்வாங்கினால் உங்கள் புதுக்கரை தாழ்ந்த தரையில் நிற்க வேண்டிவரும், உயரம் கூடும், மண்ணும் கூடும். மட்டம் பார்க்காமல் காகிதத்தில் கோடு போடக்கூடாது. 50 மீட்டரில் பள்ளம் என்றால் 70 மீட்டரில் பழைய தோட்டச் சாலை மேடாகப் போகலாம். அந்தச் சாலையையே கரையாக்குவது மலிவு.

புதுக்கரை நிமிர்ந்து ஒரு மழைக்காலம் தாங்கிய பிறகே பழைய கரையை வெட்டுங்கள். வெட்டுவது ஆற்றோட்டத்தின் கீழ்முனையில், 10 முதல் 15 மீட்டர் அகலத்துக்கு, தரைமட்டம் வரை. கீழ்முனையில் வெட்டினால் தண்ணீர் பின்னோக்கி மெதுவாக ஏறும், வண்டல் படியும். மேல்முனையில் வெட்டினால் ஆறு நேராகப் பாய்ந்து புது வாய்க்கால் பறிக்கும். மீதிக் கரையை இடிக்க வேண்டாம். வெள்ளத்தில் காட்டுப்பன்றியும் உடும்பும் பாம்பும் ஏறி ஒதுங்க மேடு வேண்டும். அந்த மேடு இல்லாவிட்டால் அவை உங்கள் புதுக்கரைக்கு வரும், இரவில் டார்ச்சோடு கரை பார்க்கப் போகிறவன் காலடியில் வரும்.

முன்வரிசைச் செம்பனையை வேரோடு பிடுங்காதீர்கள், கரை சரியும். மரம் நிற்கட்டும், அதன் நிழலில் உள்ளூர் மரக்கன்று நடுங்கள். உப்பும் நன்னீரும் கலக்கும் இடத்தில் பெரெம்பாங், நீபா. அதற்கு மேலே நன்னீர்ப் பகுதியில் பூத்தாட், பூங்கோர், அத்தி வகைகள். ரெங்காஸ் மட்டும் ஆட்கள் நடமாடும் பாதையோரம் வேண்டாம், அதன் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். கன்று ஒரு மீட்டர் உயரமாவது இருக்க வேண்டும், சின்னது வண்டலில் புதைந்துபோகும். மூன்று மீட்டருக்கு ஒன்று. முதல் மூன்று ஆண்டு மிக்கானியா கொடியைக் கையால் அறுக்க ஆள் வேண்டும். நட்டு விட்டுவிட்டு ஆறு மாதம் கழித்துப் போனால் கொடி மட்டும்தான் இருக்கும். உள்ளூர் மரம் தலையெடுத்த பிறகு செம்பனையை நின்ற நிலையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகவிடலாம். அந்த 50 மீட்டருக்குள் களைக்கொல்லியும் உரமும் கூடாது.

பெரெம்பாங்கைச் சொன்னது சும்மா அழகுக்காக இல்லை. கம்போங் குவாந்தானில் படகேறிப் பார்க்கிறோமே, அந்த மின்மினிகள் கூடி மின்னுவது பெரெம்பாங் மரத்தில்தான். ஆனால் அவற்றின் புழு மரத்தில் வாழ்வதில்லை. கரைக்குப் பின்னால் ஈரமண்ணில், நத்தையைத் தின்று வளர்கிறது. மரத்தை மட்டும் விட்டுவைத்து, பின்னால் இருக்கும் ஈரநிலத்தைக் கரைகட்டிக் காயவைத்தால் ஒரு தலைமுறைக்குப் பிறகு மரம் இருக்கும், மின்ன ஆளிருக்காது. கரை என்ன செய்யும் என்பதைப் பார்க்கத் தூரம் போக வேண்டாம். 1987-இல் தொடங்கிய கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்காவில் கரைக்குக் கடல் பக்கம் சதுப்புக் காடு நிற்கிறது. கரைக்கு இந்தப் பக்கம், கடல் ஏற்றம் நின்றுபோனதால், வேறு காடாகவே மாறிவிட்டது. பம்பு வைக்கிறவர்களுக்கும் இதில் ஒரு சொல்: பம்பு வீட்டு விளக்கை ஆற்றுப் பக்கம் திருப்பாதீர்கள். மின்மினி ஒன்றையொன்று தேடுவது வெளிச்சத்தால்தான்.

அப்படியே விட்டுவிடுவது

இதுவும் ஒரு தேர்வுதான். மறுநடவு செய்யாமல், எட்டும்வரை வெட்டிக்கொண்டு, மழைக்கு முன் வெட்டுச் சுற்றை 10, 12 நாளிலிருந்து ஏழெட்டு நாளாகச் சுருக்கி, உரத்தை அக்டோபருக்கு முன்பே போட்டு முடிப்பது. இரண்டு, மூன்று ஆண்டு அளந்து பார்க்க அவகாசம் கிடைக்கும். தண்ணீர் வடிந்தபின் வெட்டுக்கு இறங்குகிறவர்களுக்கு பூட்ஸும் கையுறையும் கொடுங்கள், எலிச் சிறுநீர்க் காய்ச்சல் விளையாட்டில்லை. செம்பனைக்குப் பதில் வேறு பயிர் என்ற பேச்சும் வரும். வாங்குகிறவர் யார் என்று சொல்ல முடியாத பயிரைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

எங்கள் தேர்வு

கம்பில் தண்ணீர் மூன்று நாளுக்கு மேல் நிற்கவில்லையென்றால் கரையும் வேண்டாம், பம்பும் வேண்டாம். வாய்க்காலைத் தூர்வாரி, கேட்டைச் சரிசெய்து, மறுநடவு செய்யுங்கள். பிளாக்கின் தண்ணீரைச் சேர்த்துக் கொண்டுபோகும் சேகர வாய்க்காலுக்கு மேல் அகலம் 1.8 முதல் 2.5 மீட்டர், ஆழம் 1.2 முதல் 1.8 மீட்டர் போதும். மூன்று நாளிலிருந்து இரண்டு வாரம் வரை நிற்கிறதென்றால் தாழ்ந்த மூலையைத் தொட்டியாக்கி, முன்வரிசையை விட்டு, கரையைப் பின்வாங்குவது. பம்பு அதற்குப் பிறகும் தேவைப்பட்டால் மட்டும், சுற்றுவாய்க்கால் வெட்டி முடித்த பிறகு. இரண்டு வாரத்துக்கு மேல், அதுவும் ஆண்டுக்கு இருமுறை நிற்கிறதென்றால் அங்கே கன்று நடாதீர்கள். கரையை உயர்த்துவதை நாங்கள் பரிந்துரைக்கும் ஒரே இடம், கரைக்குப் பின்னால் லயமோ வீடோ பள்ளியோ இருக்கும் இடம். அது குலைக்கணக்கில் வராது. அங்கேயும் துறையின் அனுமதி இல்லாமல் ஆற்று ஒதுக்கு நிலத்தில் ஒரு வண்டி மண் கொட்டக்கூடாது, இந்த மாநிலத்தில் சிலாங்கூர் நீர் நிர்வாக வாரியத்தையும் கேட்க வேண்டும். உங்கள் கரை தள்ளிவிடும் தண்ணீர் எதிர்க்கரைக் கிராமத்துக்குத்தான் போகும்.

மண்வேலை ஜூன் முதல் ஆகஸ்டுக்குள் முடிய வேண்டும். புல் பிடிக்க இரண்டு மாதம் ஆகும். செப்டம்பரில் வாய்க்காலும் குப்பைக் கம்பியும். அக்டோபரில் கேட் பார்க்கும் ஆள் யார் என்று பெயர் எழுதி ஒட்டுங்கள். தீபாவளிக்கென்று தனியாக இன்னொரு பெயர் வேண்டும். தீபாவளி வருவது அமாவாசையை ஒட்டி, அதையடுத்த ஓரிரு நாளில் கடல் ஏற்றம் உச்சம், மேற்குக் கடற்கரையில் மழையும் அப்போதுதான் அதிகம். தோட்டத்தில் பாதி ஆள் ஊருக்குப் போயிருக்கும் அந்த இரண்டு இரவுகளில்தான் கேட்டில் மட்டை செருகும்.